அந்தக் கொழுப்பு என்னத்துக்கு சேர்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள். ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில் தொடங்கி, நான் செய்த ஒரு பிழையில் போய் முடிகிறது.

போன மாதம் பத்தாம் ஆண்டு வகுப்புக்கு ரிலீப் போனேன். வரலாற்று டீச்சர் லீவு. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் பிள்ளைகளைச் சும்மா வாசிக்க விட்டேன். நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தோடு முன் வாங்கில் இருந்த பிள்ளை கையை உயர்த்தினாள்.

"சேர், 1857இல இந்தியாவில சிப்பாய்மார் கிளர்ந்தது தோட்டாவில பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் பூசின எண்டுதானே? அந்தக் கொழுப்ப என்னத்துக்கு சேர் பூசின? பூசாம விட்டிருந்தா பிரச்சினையே வந்திருக்காதுதானே?"

எனக்குப் பதில் தெரியாது. சிறு வயதிலிருந்து கேட்ட கதை. பன்றிக் கொழுப்பு என்ற சொல் வந்ததும் நமக்கு மனம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதற்கு அடுத்த கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், தேடிக்கொண்டு வந்து சொல்லுங்கள். "நாளைக்குச் சொல்றன் மகள்" என்றேன்.

நாளைக்குச் சொல்ல முடியவில்லை. ஒரு கிழமை போனது.

முதலில் வாப்பாவிடம் கேட்டேன். எங்கட மூத்தவாப்பாவிடம் லைசன்ஸ் உள்ள இடியன் துவக்கு ஒன்று இருந்தது. வயலுக்கு வரும் பன்றியைக் கலைக்க வைத்திருந்தார். பிரச்சினை தொடங்கிய காலத்தில் பொலிசில் ஒப்படைத்துவிட்டார். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வாப்பா சின்னப் பிள்ளையாக வாடியில் கூடவே கிடந்தவர்.

"வாப்பா, அந்தத் துவக்கில கொழுப்புப் பூசுறயா?"

"துவக்கில இல்ல மனெ. குண்டு சுத்துற சீலையில. இல்லாட்டி மூணாவது வெடிக்கு குண்டு உள்ள இறங்காது."

மறுகா அவர் சொன்னது இது. முதல் வெடிக்கு ஈயக்குண்டு இடிகம்பியால் ஒரு தள்ளில் உள்ளே போகும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் இறுகும். மூன்றாவது பாதியில் நிற்கும். உள்ளே கரி பிடித்துவிடும். பன்றி வயலுக்குள் நிற்கும், மூத்தவாப்பா இடித்துக்கொண்டு நிற்பார். அதனால் சீலைத் துண்டில் கொழுப்பைத் தடவி, குண்டை அதில் சுற்றித் தள்ளுவாராம். விடிந்ததும் குழலைக் கழுவுவது எண்ணெயால் அல்ல, கேத்தலில் கொதிக்கும் சுடுதண்ணியால். வாப்பாவின் வேலை கேத்தலைப் பிடிப்பது. குழலுக்குள் ஊற்றினால் மை போல கறுப்புத் தண்ணி வரும், கூழ்முட்டை நாறும் என்றார்.

கூழ்முட்டை என்றதும் எனக்கு வகுப்பறை நினைவுக்கு வந்தது. அது சல்பைட்டின் மணம். அங்கிருந்து இரசாயனம் கைக்குள் வந்துவிட்டது.

பழைய கருமருந்து மூன்று பொருள்களின் கலவை. வழமையான விகிதம் வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. எங்கட பாடப்புத்தக மொழியில் வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைத்திரேற்று. எரிந்தால் எல்லாம் புகையாகிப் போய்விடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1870களில் அன்ட்ரூ நோபல், பிரடெரிக் ஏபெல் என்ற இருவர் கருமருந்தை மூடிய உருக்குப் பாத்திரத்துக்குள் எரித்து நிறுத்துப் பார்த்தார்கள். நிறையில் ஏறக்குறைய 43 வீதம்தான் வாயு. மிச்சம் 57 வீதம் திண்மப் பொருள்: பொட்டாசியம் காபனேற்று, சல்பேற்று, சல்பைட்டு, இன்னும் சில. குண்டைத் தள்ளுவது பாதிக்கும் குறைந்த பங்கு. மற்றதில் ஒரு பகுதி வெள்ளைப் புகையாக வெளியே போகும். ஒரு பகுதி குழலின் உட்சுவரில் ஒட்டும். மூத்தவாப்பா கரி என்று சொன்னது அதைத்தான்.

இந்தக் கசடு உப்பைப் போல, காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரமான காலநிலையில் சேறு போல மெத்தென்று இருக்கும், குண்டு வழுக்கிக்கொண்டு போகும். வெயிலும் வறண்ட காற்றும் என்றால் காய்ந்து ஓடு கட்டிவிடும். ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால்தான் கழுவாமல் விட்ட குழல் சீக்கிரம் துருப்பிடிக்கும். தண்ணீரில் கரையும் என்பதால் சுடுதண்ணி போதும். விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் அதோடு கலந்து இளக்கமாக வைத்திருக்கும். இயந்திர எண்ணெய் போட்டால் தார் மாதிரி இறுகிவிடும். மூத்தவாப்பா பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிக்கவில்லை. கையால் படித்திருக்கிறார்.

சரி, 1857க்கு வருவோம்.

அதற்கு முன் சிப்பாய்களின் கையில் இருந்தது பழைய மஸ்கெட். குழல் உள்ளே வழுவழுப்பானது, விட்டம் ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். குண்டு 17.5 மில்லிமீற்றர் அளவு. தளர்வாக இருந்ததால் கொஞ்சம் கரி பிடித்தாலும் குண்டு உருண்டு இறங்கிவிடும். ஆனால் அதே தளர்வால் போகும்போது சுவரில் மோதி மோதிப் போகும். நூறு யாருக்கு அப்பால் ஒரு ஆளைக் குறிவைப்பது பெரும்பாலும் வீண்.

பிறகு வந்தது 1853 மாதிரி என்பீல்ட் ரைபிள். குழலுக்குள் மூன்று சுருள் பள்ளங்கள். குண்டு அவற்றைப் பிடித்துச் சுழன்றுகொண்டு போனால்தான் நேராகப் போகும். அதற்குக் குண்டு குழலோடு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இடைவெளி கால் மில்லிமீற்றர்கூட இல்லை. அதற்குள் தோட்டாவின் காகிதமும் போக வேண்டும். பின்பக்கம் குழிவான அந்தக் குண்டு சுடும்போது அகன்று பள்ளங்களைப் பிடிக்கும். பல நூறு யார் தூரத்துக்குக் குறி சொல்லக்கூடிய துவக்கு அது.

இப்போது கணக்குப் பாருங்கள். கால் மில்லிமீற்றர் இடைவெளி, ஒவ்வொரு வெடிக்கும் பாதிக்கு மேல் கசடு, வட இந்திய வெயில். கொழுப்பு இல்லாவிட்டால் சில வெடிகளில் துவக்கு வெறும் தடி. பூசாமல் விட்டிருக்கலாம்தானே என்று அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் இதுதான்: விட்டிருக்க முடியாது. குறி தப்பாத துவக்கு வேண்டுமென்றால் இறுக்கமான குண்டு வேண்டும். இறுக்கமான குண்டு வேண்டுமென்றால் எதையாவது பூசியே ஆக வேண்டும்.

ஆனால் எதை?

பிரச்சினை அந்த ஒரு சொல்லில்தான் கிடந்தது. இங்கிலாந்தில் பூசியது விலங்குக் கொழுப்பும் கொஞ்சம் தேன்மெழுகும். 1853இலேயே மாதிரித் தோட்டாக்கள் காலநிலையில் கொழுப்பு எப்படி நிற்கிறது என்று பார்ப்பதற்காக இந்தியாவுக்கு வந்தன. அந்த வருடமே கேணல் டக்கர் என்ற அதிகாரி எழுதி எச்சரித்தார்: இந்தக் கொழுப்பு சிப்பாய்களின் சமயத்துக்கும் சாதிக்கும் பிழையாகாது என்று உறுதியாகத் தெரியாமல் அவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்று. அந்தக் கடிதத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை. பிறகு கல்கத்தாவில் தோட்டா செய்தபோது கொழுப்பு ஒப்பந்தக்காரரிடமிருந்து வந்தது. எந்த மிருகத்தின் கொழுப்பு என்று யாரும் கேட்கவில்லை. பின்னர் விசாரணையில் படைக்கலப் பிரிவின் பெரியவராலேயே அதில் மாட்டுக் கொழுப்பு இருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1857 ஜனவரி. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் படைக்கலச்சாலை. அங்கு வேலை செய்த ஒரு தொழிலாளி, ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவருடைய செம்பில் தண்ணி குடிக்கக் கேட்டாராம். சாதி போய்விடும் என்று சிப்பாய் மறுத்தார். "கொஞ்சம் பொறு, மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசின தோட்டாவைக் கடிக்கப்போகிறாய், அப்போது சாதி எங்கே போகும்?" என்ற கருத்தில் அந்தத் தொழிலாளி சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு பாசறை பாசறையாகப் போனது.

தோட்டாவை ஏன் கடிக்க வேண்டும்? காகிதக் குழாய்க்குள் ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் குண்டு. மருந்துள்ள முனையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, தோட்டாவைத் திருப்பிக் குண்டு முனையை உள்ளே வைத்துத் தள்ளுவார்கள். கொழுப்புப் பூசியது குண்டு முனையில். கடிப்பது மற்ற முனை. ஆனால் வெயிலில் கொழுப்பு உருகினால் முனை பார்த்தா நிற்கும்? ஹராமான ஒன்றைக் கையால் தொடுவதும் ஒரு முஸ்லிமுக்குச் சின்ன விஷயம் அல்ல.

இங்கேதான் நான் இத்தனை நாளும் தெரியாமல் இருந்த ஒன்று. சிப்பாய்கள் எடுத்த உடனே கலகம் செய்யவில்லை. முதலில் கேட்டார்கள். இதில் இருப்பது என்ன என்று மேலதிகாரிகளிடம் முறையாகக் கேட்டார்கள். ஜனவரி கடைசியிலேயே கொழுப்புப் பூசாத தோட்டாவைக் கொடுங்கள், சிப்பாய்களே தங்களுக்குப் பிடித்ததைப் பூசிக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்தது. மார்ச் மாதம் பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சியையும் மாற்றினார்கள். ஆனால் அதில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு நேரான பதிலை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவரும் இல்லை. பதில் இல்லாத இடத்தில் ஒவ்வொரு சலுகையும் ஒப்புதல் வாக்குமூலம் மாதிரிதான் தெரிந்தது. பெர்ஹாம்பூரில் தோட்டாக் காகிதத்தின் பளபளப்பிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஏப்ரல் 24, மீரட். ஒரு கேணல் 90 குதிரைப்படை வீரர்களை அணிவகுத்து நிறுத்தித் தோட்டாவை எடுக்கச் சொன்னார். அன்று கொடுத்தது புதிய தோட்டாவும் அல்ல, அவர்கள் முன்பிருந்தே பாவித்து வந்த வகை. 85 பேர் எடுக்க மறுத்தார்கள். அதில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள். பெரும்பாலானோருக்குப் பத்து வருடக் கடூழியச் சிறை. மே 9ஆம் திகதி முழுப் படையின் முன்னால் சீருடையைக் கழற்றிக் காலில் விலங்கு பூட்டினார்கள். அடுத்த நாள் மீரட் எரிந்தது. பிறகு டில்லி.

கலகத்துக்கு நிலம், வரி, சம்பளம், பறித்துக்கொண்ட அரசுகள் என்று வேறு காரணங்கள் நிறைய இருந்தன. அவற்றையெல்லாம் வரலாற்று டீச்சர் வந்து சொல்லுவார். நான் தோட்டாவோடு நிற்கிறேன்.

கசடுப் பிரச்சினை அதோடு முடியவில்லை. அதே போரில் குண்டு இறங்காமல் ஆங்கிலேயப் படையினரும் பாடுபட்டார்கள். பின்னர் குண்டின் அளவை 0.550 அங்குலமாகக் குறைத்தார்கள், பூச்சில் தேன்மெழுகைக் கூட்டினார்கள். தேன்மெழுகை எந்தச் சிப்பாயும் மறுத்திருக்க மாட்டான். 1871இல் வந்த மார்ட்டினி ஹென்றி ரைபிளில் தோட்டா பித்தளை. தேன்மெழுகை வில்லையாக்கி குண்டுக்குப் பின்னால் தோட்டாவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கடிக்கவும் தேவையில்லை, தொடவும் தேவையில்லை. 1880களில் புகையற்ற மருந்து வந்த பிறகுதான் இந்தக் கரியின் கதை படைகளில் முடிவுக்கு வந்தது.

ஆனால் விளையாட்டாக அதை விடாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1870கள் காலத்துப் பித்தளைத் தோட்டா ரைபிள்களில் கருமருந்து போட்டு, பல நூறு யாருக்கு அப்பால் இலக்கு வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். அவர்கள் செய்வதைத் தேடி வாசித்தபோது இது துவக்குக் காரியமா விஞ்ஞானப் பாடமா என்று யோசித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள். குண்டை ஒவ்வொன்றாக நிறுக்கிறார்கள். மருந்தின் மணி அளவு, அதை அமுக்கும் அழுத்தம், மெழுகு, ஈயத்தில் கலக்கும் வெள்ளீயம், இதில் ஒன்றை மாற்றிச் சில வெடி சுட்டு, துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று குறித்துவைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறார்கள். நியாயமான சோதனை என்று நாங்கள் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோமே, அதேதான்.

என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. குழல் பளிங்கு போல சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் கவலை அல்ல. ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. சுத்தமான குழலில் போன முதல் குண்டும் கரி பிடித்த குழலில் போன பத்தாவது குண்டும் ஒரே இடத்தில் விழாது. அதனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஒரு சின்னக் குழாயைப் பின்பக்கம் வைத்து வாயால் ஊதுகிறார்கள். மூச்சில் உள்ள ஈரம் கசடை இளக்கும். வெயில் கூடினால் கூடுதல் தடவை ஊதுவார்கள். சிலர் ஈரச் சீலையால் துடைக்கிறார்கள். சுட்ட பிறகு குழல் வாயில் மெழுகு நட்சத்திரம் போலப் படிந்திருந்தால் பூச்சு கடைசிவரை போதுமாக இருந்தது என்று அர்த்தம். இல்லாவிட்டால் பாதி வழியில் தீர்ந்துவிட்டது. கரியை இல்லாமலாக்க முடியாது. அடுத்த வெடிக்கு முன்னால் பார்த்து, காய விடாமல் வைத்திருக்கலாம்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் நன்றாகக் கேட்டார்கள். கடைசியில் அதே பிள்ளை எழும்பினாள்.

"அப்ப ஆர்ர பிழை சேர்?"

வாயைத் திறந்தேன். சொல்ல வந்தது வரவில்லை. வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் எங்கட பக்கத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி ஓடியது. இன்ன பேக்கரியில் பாண் தட்டுக்குப் பன்றிக் கொழுப்புப் பூசுகிறார்கள், முஸ்லிம்கள் வாங்க வேண்டாம், பகிருங்கள் என்று. பேக்கரிக்காரர் வேற்றுச் சமூகத்தவர். எத்தனையோ வருடமாக எங்கட தெருவுக்கு விடிய பாண் கொண்டு வந்தவர். எனக்கு அந்தச் செய்தி சுபஹுக்குப் பிறகு வந்தது. குடும்பக் குழுவுக்கும் பழைய மாணவர் குழுவுக்கும் அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். சேர் அனுப்பியது என்றால் ஆட்கள் நம்புவார்கள் என்பதை நான் நினைக்கவில்லை. இரண்டு கிழமையில் அவருடைய பாண் வண்டி எங்கட தெருவுக்கு வருவது நின்றது. வேலைக்கு நின்ற இரண்டு பொடியன்மார் வீட்டுக்குப் போனார்கள். அதில் ஒருவன் என்னிடம் படித்தவன்.

அவன்தான் எனக்குச் சொன்னான். "சேர், நீங்க ஒருக்கா வந்து கேட்டிருக்கலாமே. நான் அங்கதானே நிண்ட."

அடுத்த நாள் போனேன். பேக்கரிக்காரர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு தகர டின்னைக் கொண்டு வந்து மூடியைத் திறந்து முன்னால் வைத்தார். மரக்கறிக் கொழுப்பு. லேபிளில் எல்லாம் எழுதிக் கிடந்தது. "தட்டுல ஒட்டாம இருக்கத்தான் மாஸ்டர் பூசுற" என்றார். அவ்வளவுதான்.

என் வீட்டிலிருந்து அந்தப் பேக்கரிக்கு இருநூறு மீற்றரும் இல்லை.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நமக்கு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சாப்பாட்டில் கிடந்த ஒரு மாவுக் கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லி ஒரு இரவுக்குள் பள்ளிவாசலும் கடைகளும் அடிபட்டன. அது வெறும் மாப்பொருள் என்று அரச பகுப்பாய்வு அறிக்கை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி நான் ஆத்திரத்தோடு நீள நீளமாக எழுதியிருக்கிறேன். பாண் தட்டுச் செய்தியை அனுப்பிய கையும் அதே கைதான். பள்ளிவாசல் உடைந்ததும் பாண் வண்டி நின்றதும் ஒரே அளவு அல்ல என்பது தெரியும். தொடங்கிய இடம் ஒன்றுதான்.

இதை வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. சிப்பாய்கள் கேட்டார்கள், பதில் சொல்ல வேண்டியவர்களிடம் பதில் இல்லை. அது கம்பெனியின் பிழை. இங்கே பதில் இருந்தது, டின்னுக்குள் லேபிளோடு இருந்தது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. அது என் பிழை. செய்தி வந்தால் விசாரித்துத் தெளியச் சொல்லும் ஹுஜுராத் சூறாவின் வசனத்தை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் மெதுவாகக் கேட்டாள். "அந்த மாஸ்டர்ட்ட மன்னிப்புக் கேட்டிங்களா சேர்?"

அவரிடம் கேட்டேன். ஆனால் நான் செய்தி அனுப்பிய இரண்டு குழுக்களிலும் அது பிழை என்று இதுவரை எழுதவில்லை. வெட்கம். அதற்காகத்தான் இந்தப் பதிவு. அந்தக் குழுக்களில் இருப்பவர்கள் நிறையப் பேர் இதை வாசிப்பீர்கள். அன்று நான் அனுப்பியது பொய். அதைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிருங்கள்.

நேற்று வாப்பாவிடம் இன்னொன்றும் கேட்டேன். மூத்தவாப்பா சீலையில் பூசியது எந்தக் கொழுப்பு என்று. வாப்பா சிரித்தார். "உழ்ஹிய்யா மாட்டுக் கொழுப்பு. உருக்கி ஒரு சிகரட் டின்னில வெச்சிருந்தார். ஆரும் கேட்டா டின்னைத் திறந்து காட்டி, இது இன்னார்ர மாடு எண்டு சொல்லுவார்."

பாண் வண்டி இப்போது மறுபடியும் எங்கட தெருவுக்கு வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். முன்னைய மாதிரி எல்லா வீட்டிலும் நிற்பதில்லை. உங்கட வீட்டு வாசலில் நின்றால் வாங்குங்கள்.